உரோமாபுரி ஏலமும் எங்கள் அத்தானும்

அந்தச் சக்கையை வெட்டியபோது அடுக்களையில் அத்தானும் அக்காவும் நானும் இருந்தோம். பலாப்பழத்தை எங்கள் பக்கத்தில் சக்கை என்றுதான் சொல்வோம். ஐப்பசி மழையில், எந்த மரத்திலும் பழம் கிடைக்காத நேரத்தில் யாரோ ஒருவர் தோட்டத்தில் தப்பிக் காய்த்தது அது. அத்தான் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியிலும் தடவி, மெதுவாக இறக்கினார். உள்ளே சுளை கெட்டியாக இல்லை. விரல் பட்டதும் குழைந்து வழுகியது. கூழன். கெட்டிச் சுளை உள்ள வருக்கையாக இருந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். அத்தான் ஒரு சுளையை வாயில் போட்டு, விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழத்துக்காக அவர் கொடுத்தது, வாழ்நாளெல்லாம் நேரில் பார்க்க ஆசைப்பட்ட உரோமர்களின் நகரத்துக்குப் போக வைத்திருந்த பணம்.

அத்தான் என் அக்காவின் கணவர். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அவர்கள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. எனக்கும் நாகர்கோவிலில்தான் அலுவலக வேலை என்பதால் பல வருடம் ஒரே பஸ்சில் போய் வந்திருக்கிறோம். பண்டைய உலக வரலாறு அவர் பாடம். அதை நான் வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை. மார்த்தாண்டம் நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்த கறி வருவதற்குள்ளும் கேட்டதுதான். ஒரு பேரரசு எழுந்தது என்றால் அந்தப் படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். விழுந்தது என்றால் அந்தச் சோறு எப்போது நின்றது என்று கேட்பார். அசீரியர்கள் பயமுறுத்தியே கப்பம் வாங்கினார்கள். பயம் தெளிந்த அன்று அவர்கள் தலைநகர் நினிவே பற்றி எரிந்தபோது அழுவதற்கு ஒருவரும் இல்லை. பாரசீகர்கள் அதைப் பார்த்துப் புத்தி படித்து, பிடித்த நாட்டுக்காரனின் சாமியையும் பேச்சையும் அவனிடமே விட்டுவைத்தார்கள், சாலை போட்டார்கள், அதனால் கூடுதல் காலம் நின்றார்கள். பிறகு அரண்மனைக்குள்ளேயே ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டி மெலிந்துபோய், மாசிடோனியாவிலிருந்து வந்த ஓர் இளைஞனிடம் தோற்றார்கள். அந்த இளைஞனோ தனக்குப் பின் யார் என்று சொல்லாமலே செத்தான்; அவன் பிடித்ததை அவன் தளபதிகள் பங்கு போட்டார்கள். இத்தனையையும் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சொத்துத் தகராறைப் போலத்தான் அவர் சொல்வார். கடைசியில் ஒரு வாக்கியம் உண்டு. "வெளியேருந்து வாறவன் கடைசியிலதான் வருவான் மக்கா. அதுக்கு முன்னாடியே உள்ள இருக்கவன் வெல பேசியிருப்பான்."

இப்படிப் பேசுகிறவர் இதில் ஒரு கல்லைக்கூட நேரில் பார்த்ததில்லை. விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போனதுதான் அவருடைய தூரப் பயணம். ஒரு தடவை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார் இதெல்லாம் நேர்ல பாத்திருக்கியளா?" என்று கேட்டிருக்கிறாள். "படத்துல பாத்திருக்கேன்" என்று சொன்னாராம். அந்தப் பிள்ளை கிண்டலாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டது. ஆனாலும் அன்று பஸ்சில் வாய் திறக்காமல் வந்தார். ஓய்வு பெற்றதும் அந்தக் குறையைத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எங்கள் ஊர்ப் பக்கம் கிறிஸ்தவ சபைகளில் ஆள் சேர்த்துப் பரிசுத்த தேசப் பயணம் கூட்டிப் போவார்கள். ஜோர்தான், எருசலேம், எகிப்து என்று ஒரு சுற்று. அதில் ஜோர்தானில் ஒரு நாள் காலை முதல் மத்தியானம் வரை, ஜெராஷ் என்ற இடத்தில், உரோமர்கள் கட்டிய நகரம் ஒன்றைக் காட்டுவார்கள். தெருவும் தூணும் அரங்கமும் அப்படியே நிற்கும் ஊர். அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். அவளுக்கு எருசலேமைப் பார்க்க வேண்டும். அவருக்கு அந்த அரை நாள் போதும். இருவருமாகச் சேர்த்து வைத்தார்கள். பாஸ்போர்ட் எடுத்தார்கள். அக்கா நடப்பதற்கென்று நல்ல செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினாள்.

இதற்கு நடுவில்தான் சபைத் தேர்தல் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் மாவட்டத்தில் சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுப் போட மறந்தவன்கூடச் சபைத் தேர்தலுக்கு துபாயிலிருந்து லீவு எடுத்து வருவான். இரண்டு அணி, துண்டறிக்கை, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, சொந்த மாமனும் மருமகனும் பேசாமல் இருப்பது எல்லாம் உண்டு. அத்தான் எங்கள் சபையின் செயலாளராகத் தொடர்ந்து பல தடவை இருந்தவர். நல்லபடியாகத்தான் செய்தார் என்றாலும், வேறு யாருக்கும் அது செய்யத் தெரியாது என்ற எண்ணம் அவருக்கு மெல்ல மெல்ல வந்திருந்தது. "ஒங்களுக்க ராச்சியம் எப்பம் முடியும்?" என்று அக்கா சோறு வைக்கும்போது கேட்பாள். அவர் சிரிப்பார். எதிர் அணியில் நின்றவர் வளைகுடா நாட்டில் பல வருடம் கட்டட வேலை எடுத்து நடத்திவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் அவரைக் கல்ஃபுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அத்தானைவிட வயதில் இளையவர், பேச்சில் மரியாதை குறையாதவர். அந்த மரியாதைதான் அத்தானுக்கு எரிச்சலைக் கொடுத்தது.

தேர்தலுக்கு முந்தின மாதம் அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் பந்தல் போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவதும் வழக்கம். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, தேங்காய், கோழி, யாரோ சுட்டுக் கொண்டுவந்த கேக். கடையில் வாங்கினால் கிடைக்கும் விலையில் அங்கே எதுவும் போகாது; பத்து மடங்கு போகும், சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். ஏலம் எடுத்தவர் பொருளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பிள்ளைகள் பின்னால் ஓடும். ஏலம் தொய்யும் நேரத்தில் மைக்கை அத்தான் கையில் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொரு வருடமும் உரோமாபுரியை ஏலம் விட்ட கதையைச் சொல்வார். ஒவ்வொரு வருடமும் சபை முதல் தடவை கேட்பதைப் போலவே கேட்கும்.

அந்த வருடமும் சொன்னார். "காவலுக்கு நின்ன படையே ராசாவக் கொன்னு போட்டுது. பின்ன பாளையத்துக்க மதில்ல ஏறி நின்னு, நாடு விக்கப்போறோம், வேணும்னவன் கேளுன்னு கூவுனான். மதிலுக்கு உள்ள ஒருத்தன் கேக்கான், வெளிய ஒருத்தன் கேக்கான். ஒருத்தன் சொன்னத மத்தவனுக்குப் போய்ச் சொல்லி ஏத்தி விடுதானுவ. கடைசியில வெளிய நின்னவன், ஒரேயடியா ஏத்தி, கை வெரல விரிச்சிக் காட்டுனான்." இந்த இடத்தில் அத்தான் தம் கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரிப்பார். "நாடு அவனுக்குத்தான் விழுந்துது. ரெண்டு மாசம் கழிஞ்சு கொஞ்ச நாளுதான். தலை போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். கல்ஃபுக்காரரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு மேசைக்கு வந்தது அந்தச் சக்கை. ஐப்பசியில் சக்கை என்றதும் கூட்டம் கிட்ட நெருங்கியது. ஆலயத்தின் கோயில்குட்டியார், மணி அடிப்பதும் கதவு திறப்பதும் அவர்தான், அதைத் தூக்கிக் காட்டி ஒரு சாதாரணத் தொகையில் தொடங்கினார். நாலைந்து பேர் கேட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் பந்தலுக்கு உள்ளே நாற்காலியில் அத்தானும், வெளியே மாமரத்தடியில் நின்றுகொண்டு கல்ஃபுக்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். அத்தான் ஒன்று சொல்வார். கல்ஃபுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "சாருக்கு மேல ஒரு ஆயிரம்" என்பார். அத்தானைச் சுற்றி நின்ற அவர் அணிக்காரர்கள், "விடப்பிடாது சார், இத விட்டா தேர்தலையும் விட்ட மாதிரி" என்றார்கள். கோயில்குட்டியாரே ஒவ்வொரு தொகையையும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தார். ஒரேயடியாக ஐம்பதாயிரம் ஏற்றம்.

கல்ஃபுக்காரர் அத்துடன் நிறுத்திக்கொண்டார். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "சாரே எடுக்கட்டு" என்றார். அவருக்கு அந்தச் சக்கை வேண்டியதே இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அத்தான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஆலயத்தைச் சுற்றியபோது பிள்ளைகள்கூடப் பின்னால் ஓடவில்லை. பாதி வழியில் அவர் முகத்தைப் பார்த்தேன். தாம் என்ன செய்தோம் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. தெரியாதவன் விழுந்தால் பாவம் என்று சொல்லலாம். மைக்கைக் கீழே வைத்த சூடு ஆறுவதற்குள் விழுந்த மனிதரை என்ன சொல்வது? எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இன்றைக்கு வரை இரண்டில் எது கூடுதல் என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்ன வாக்கை மாற்றுகிறவர் அல்ல அவர். மறுநாளே வங்கிக்குப் போனார். பயணத்துக்கு வைத்திருந்ததில் ஓர் ஆளின் பங்கு போயிற்று. துபாயில் இருக்கும் மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பிவிடுவான் என்று நான் சொன்னேன். அக்கா ஒரே பேச்சில் அதை மூடினாள். "சக்கை வாங்குனதுக்குப் பிள்ளை வெயில்ல நின்னு சம்பாதிச்ச காச அனுப்பணுமா?" மீதி இருந்த பங்கைச் சுட்டி, "நான் போவேன். அவங்க சக்கைய தின்னுட்டு இஞ்ச இருக்கட்டும்" என்றாள். அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அன்று தொடங்கி அவள் அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். "சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு." "மாத்திரை தீந்து போச்சான்னு கேளு." நான் பக்கத்து வீடு என்பதால் தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துச் சொல்வாள். தேர்தலில் அத்தான் தோற்றார். அந்தச் செய்தியைக்கூட அவள் சுவரிடம்தான் விசாரித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் இருவருமே போகாமல் இருந்திருப்பார்கள். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் தனியாக நின்று பழகியவள். சித்திரை மாதத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் ஒரு காரில் போனோம். வழி நெடுக அத்தான் முன் இருக்கையிலிருந்து என்னிடம் ஜெராஷைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். தெற்கு வாசல் எது, முட்டை வடிவத்தில் தூண் சுற்றிய முற்றம் எங்கே, நேர்த்தெரு எவ்வளவு அகலம். அவர் எனக்குச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா பின் இருக்கையில் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து, பிரஷர் மாத்திரையை மறந்துவிடக் கூடாது என்று என்னிடம் சொன்னாள்.

அவள் ஜோர்தானில் இருந்த அந்த நாளில் நான் லீவு போட்டுவிட்டு அத்தான் வீட்டில் இருந்தேன். அவர் காலையிலேயே மேசையில் அந்த நகரத்தின் வரைபடத்தை விரித்து வைத்துவிட்டார். எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நான் எடுத்தேன். "வந்து சேந்தாச்சுன்னு சொல்லு" என்றாள் அக்கா. ஸ்பீக்கரில் போட்டேன். படம் தெரிகிற மாதிரிப் போடச் சொன்னேன். அங்கே அது சரியாக எடுக்கவில்லை என்றாள். அத்தானுக்குப் பொறுமை இல்லை. அவள் தம்மோடு பேசுவதில்லை என்பதையே மறந்துபோய், "ஏட்டி, நீ எந்த எடத்துல நிக்கா? தெக்கு வாசலு தாண்டியாச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவின் குரல் வந்தது. "தாண்டியாச்சு."

"அப்பம் முட்டை மாதிரி ஒரு முற்றம் இருக்கும்." "இருக்கு." "அதத் தாண்டி நேர்த்தெரு. தரையில பாரு, வண்டிச் சக்கரம் போன தடம் கல்லுல பதிஞ்சிருக்கும்." "பதிஞ்சிருக்கு." விரலை வரைபடத்தில் நகர்த்திக்கொண்டே அவர் அவளை நடத்திக் கூட்டிப் போனார். எந்தக் கடை எங்கே இருந்திருக்கும், தண்ணீர் எந்த வழியாக வந்தது, வரி வாங்குகிறவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்றெல்லாம் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். கடைசியில் அவர் கொஞ்சம் நிறுத்தி, வெட்கப்பட்ட மாதிரி ஒன்று கேட்டார். "அந்தத் தூணுல கைய வச்சுப் பாரு. சூடா இருக்கா, தணுப்பா இருக்கா?" எந்தப் புத்தகத்திலும் அது எழுதியிருக்காது. அவள் சற்றுக் கழித்து, "சூடாத்தான் இருக்கு. நல்ல வெயிலுல்லா" என்றாள். அத்தான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்துவிட்டது. "செரி, வெயில்ல நிக்காத. தண்ணி குடி" என்று சொல்லி வைத்தார்.

அக்கா திரும்பி வந்த வாரத்தில் ஒரு நாள் அவளுக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வீங்கியிருந்தது. "எருசலேம்ல நடந்ததுல வந்த வீக்கமா?" என்று கேட்டேன். "அதுக்கு முன்னாடியே, பிளேன்லயே வந்தாச்சு" என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, ஜெராஷில் தான் பஸ்சை விட்டு இறங்கவே இல்லை என்றாள். எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவளும், மூச்சுமுட்டல் உள்ள ஒரு பெரியவரும் மட்டும் பஸ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியே தூரத்தில் கொஞ்சம் தூண் தெரிந்ததாம். "பின்ன எல்லாத்துக்கும் ஆமாம்னு சொன்னியே?" என்றேன். "எறங்கல்லன்னு எப்பிடிச் சொல்லுவேன்? அவங்க கொரலு அப்பிடி இருந்துது. அவங்ககிட்ட சொல்லிராத" என்றாள். அவள் அவரோடு பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள். நானும் சொல்லவில்லை.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அவரையும் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். மகனும் கேட்காமலே பணம் ஒதுக்கி வைத்தான். அதற்குள் அந்தப் பக்கத்தில் போர் தொடங்கிவிட்டது. பயணம் கூட்டிப் போகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு அத்தானுக்கு இதயத்தில் ஒரு சின்ன சிகிச்சை நடந்தது. இனி நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்க்கிறார். குண்டு விழுகிற ஊர்களின் பெயரெல்லாம் அவர் மாணவர்களிடம் வரைபடத்தில் குறிக்கச் சொல்லிப் பரீட்சையில் கேட்ட பெயர்கள். டமாஸ்கஸ், காசா, லெபனான் கரையில் தீரு. "எத்தன ராச்சியம் வந்து போச்சு, சனம் மட்டும் அங்கேயே கெடந்து சாவுது" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் குறைப்பார்.

பழைய மாணவர்கள் யாராவது பார்க்க வந்தால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். எங்கே சுற்றினாலும் பேச்சைக் கடைசியில் ஜெராஷுக்குக் கொண்டுவந்துவிடுவார். உரோமர்களைப் பற்றிப் புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் தமக்குத் தெரியும் என்பார். மத்தியானத்தில் அந்தத் தூணைத் தொட்டால் சுடும், என் மனைவி தொட்டுப் பார்த்துச் சொன்னாள் என்பார். அக்கா அந்த நேரத்தில் காப்பி போட உள்ளே போய்விடுவாள். கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். எனக்குத்தான் உட்கார முடியாது. ஊர் முழுக்கப் படித்த மனிதர் என்று பெயர் எடுத்தவர், ஒரு பொய்யை இப்படி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று கஷ்டமாக இருக்கும்.

போன மாதம் ஒருநாள் அப்படி ஒருவர் வந்து போன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அக்கா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "அத்தான், அந்தத் தூணு கதைய இனி எல்லாருகிட்டயும் சொல்லாண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்பார், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. "அவ பஸ்ச விட்டு எறங்கல்லன்னு சொல்லப்போறியா?" என்றார்.

நான் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணைக்கே தெரியும் மக்கா. ஏசி ஓடுத சத்தம் கேட்டுது. பக்கத்துல ஒருத்தரு இருமிட்டே இருந்தாரு. தெருவுல நிக்கவளுக்கு அது எப்பிடிக் கேக்கும்? நீயும் பக்கத்துலதான இருந்தா."

"தெரிஞ்சுட்டா பின்ன என்னத்துக்கு ஒவ்வொண்ணா கேட்டிய? என்னத்துக்கு இப்பமும் சொல்லுதிய?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏலம் முடிஞ்ச அண்ணையிலேருந்து அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல்ல. அண்ணைக்குத்தான் பேசுனா. நான் கேள்விய நிறுத்தியிருந்தா அவளும் நிறுத்தியிருப்பா." டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நான் பாக்காத ஊருக்காக அவ பொய் சொன்னா. அத நான் நாலு பேருகிட்ட சொல்லாண்டாமா?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் இருக்க, மேசையில் கிடந்த பேப்பரை மடித்து வைத்தேன். துணிக் குவியலோடு அக்கா உள்ளே வந்தாள். வந்தவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். "ஒனக்க தூணப் பத்தித்தான்" என்றார் அத்தான். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். "நல்ல சூடுல்லா அது" என்றாள்.